உதுமானியரின் சகோதரக் கொலைச் சட்டம்: அரியணைக்கு அந்த விலை தகுமா?

வைகைக்கரை

அதிகாரத்துக்காக ஈவிரக்கம் பாராமல் நடப்பது தகுமா என்று பொதுப்படையாகக் கேட்டால் ஆளுக்கொரு நீதி சொல்லிவிட்டுக் கலைந்துவிடுவோம். அதனால் ஒரே ஒரு வழக்கை வைக்கிறேன். உதுமானியச் சுல்தான்கள், பள்ளிப் பாடத்தில் நாம் படித்த ஆட்டோமன் துருக்கியர். இரண்டாம் மெஹ்மத் (ஆட்சி 1451-1481) பெயரில் உள்ள சட்டத் தொகுப்பில் ஒரு விதி இருக்கிறது. என் மக்களில் யாருக்கு ஆட்சி கிடைக்கிறதோ அவர் உலக ஒழுங்கின் பொருட்டுத் தம் சகோதரர்களைக் கொல்வது தகும், உலமாக்களில், அதாவது மார்க்க அறிஞர்களில், பெரும்பாலோர் இதை அனுமதித்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். நமக்குக் கிடைத்த பிரதிகள் பிற்காலத்தவை, அதனால் விதி முழுதும் மெஹ்மதுடையதா என்று ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. நடைமுறை அதற்கு முன்பே இருந்தது, பின்பும் தொடர்ந்தது. அதில் ஐயமில்லை.

என் கட்சி, அந்த விலை தகும் என்பது. 1402இல் அங்காரா போரில் தைமூர் முதலாம் பயேசித்தைச் சிறைபிடித்தார். பயேசித்தின் மக்கள் சுலைமான், ஈசா, மூசா, மெஹ்மத் நால்வரும் 1413 வரை ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். ஐரோப்பியப் பகுதி ஒருவர் கையில், அனதோலியா இன்னொருவர் கையில். ஆதரவுக்குக் கூலியாக சுலைமான் தெசலோனிக்காவையே பைசாந்தியருக்குத் திருப்பிக் கொடுத்தார். பதினோரு ஆண்டுப் போரில் எரிந்த ஊர்களையும் செத்த குடியானவர்களையும் ஒரு தட்டில் வையுங்கள். அரண்மனைக்குள் நாலைந்து உயிர்களை மறு தட்டில் வையுங்கள்.

செஞ்சிமலை

தட்டில் வைப்பதற்கு முன், வேலை எப்படி நடந்தது என்று பார்த்துவிடுவோம். விதியைப் படித்தால் கொலை ஒன்றுதான் கண்ணில் படும். நடைமுறையில் அது கடைசிப் படி.

இளவரசருக்குப் பருவம் வந்ததும் ஒரு மாகாணம் கொடுப்பார்கள். மனிசா, அமாசியா, கொன்யா, கூத்தாஹ்யா போன்ற ஊர்கள். கூடவே ‘லாலா’ என்ற ஆசான், ஒரு சிறு அரசவை, தாய், கைக்காவல் படை. தலைநகரிலிருந்து எத்தனை நாள் வழி என்பதுதான் அந்த மாகாணத்தின் உண்மையான மதிப்பு. சுல்தான் இறந்ததும் பிரதம வஜீர் (தலைமை அமைச்சர்) சாவை மறைப்பார், தமக்குப் பிடித்த இளவரசருக்கு ரகசியத் தூதன் போவான். முதலில் வந்து சேர்பவர் கருவூலத்தைக் கைப்பற்றி, சுல்தானின் நிலைப்படையான ஜானிசரிப் படைக்குப் பட்டமேற்புப் பணம் கொடுத்து, உறுதிமொழி வாங்கிய பிறகே மற்றவர்கள் கதை முடியும். அரச குலத்து ரத்தம் மண்ணில் சிந்தக்கூடாது என்பது மரபு, ஆகவே வில்நாண் அல்லது பட்டுக்கயிறு. செய்பவர்கள் அரண்மனையின் பேச்சற்ற ஊழியர்கள். பிறகு முழு மரியாதையோடு அடக்கம்.

பிசகியது பெரும்பாலும் சாவை மறைப்பதில். 1481இல் மெஹ்மத் இறந்தபோது வஜீர் கரமானி மெஹ்மத் பாஷா கொன்யாவிலிருந்த இளைய மகன் ஜெம்முக்கு ஆளனுப்பினார், தூதனை வழியில் மடக்கிவிட்டார்கள். சேதி கசிந்து ஜானிசரிகள் வஜீரையே கொன்றார்கள். அமாசியாவிலிருந்து மூத்த மகன் இரண்டாம் பயேசித் வந்து சேரும்வரை அவருடைய சிறுவயது மகன் கோர்க்குத்தை அரியணையில் ஒப்புக்கு உட்காரவைத்தார்கள். 1566இல் சோகொல்லு மெஹ்மத் பாஷா அதே வேலையைத் துப்புரவாகச் செய்தார். ஹங்கேரியில் சிகெத்வார் முற்றுகையின்போது சுல்தான் முதலாம் சுலைமான் கூடாரத்திலேயே இறந்தார், ஏறக்குறைய ஏழு வாரம் படைக்குத் தெரியாது. இத்தனைக்கும் அப்போது உயிரோடிருந்த மகன் ஒருவர்தான். போட்டிக்கு ஆளே இல்லாதபோதும் படைக்குப் பயந்து மறைக்க வேண்டியிருந்தது. இதைக் குறித்து வையுங்கள், பின்னால் வருகிறேன்.

கணக்கர்

ஒரு சகோதரரை உயிரோடு விட்டால் என்ன செலவு என்பதற்கு ஜெம் சரியான சான்று. அண்ணன் பயேசித்திடம் தோற்றதும் கெய்ரோவில், எகிப்தை ஆண்ட மம்லூக்கியரிடம் போனார். 1482இல் ரோட்ஸ் தீவின் வீரத்துறவிகளிடம், அங்கிருந்து பிரான்ஸ், 1489இல் ரோமில் போப்பிடம். 1495இல் நேப்பிள்ஸில் சாவு. இத்தனை காலமும் அவரை அடைத்து வைத்திருப்பதற்காக பயேசித் ஆண்டுதோறும் சுமார் 40,000 டூகட் பொற்காசு கட்டினார். பணம் கூடப் பெரிதல்ல. ஐரோப்பாவில் பெரிய படையெடுப்பு எதையும் நிம்மதியாகத் தொடங்க முடியவில்லை, ‘உன் தம்பியை அவிழ்த்துவிடுவோம்’ என்பது எதிரிகள் கையில் எப்போதும் இருந்த துருப்புச்சீட்டு. வைகைக்கரை கட்சிக்கு இதுதான் பலமான ஆதாரம்.

நாகூர்_நிஷா

‘உலமாக்களில் பெரும்பாலோர்’ என்ற சொற்றொடரை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். பெரும்பாலோர் என்றால் மறுத்தவர்களும் இருந்தார்கள் என்று பொருள்.

ஃபிக்ஹ் என்ற இஸ்லாமியச் சட்டத்தில் கிளர்ச்சியாளரோடு போரிட இடமுண்டு. அதற்குக் கிளர்ச்சி என்ற செயல் நடந்திருக்க வேண்டும். 1451இல் மெஹ்மத் பட்டமேறியபோது கொல்லப்பட்ட தம்பி கைக்குழந்தை. நாளை கிளர்ச்சி செய்யக்கூடும் என்பதற்காக இன்று ஒரு குழந்தையைக் கொல்ல எந்த மத்ஹபிலும் (சட்டப் பள்ளியிலும்) நேரான வாசல் கிடையாது. அதனால்தான் இது ஷரீஅத் என்ற பெயரில் வராமல், சுல்தானின் ஆணையான ‘கானூன்’ வழியே வந்தது. உலக ஒழுங்கு, அதாவது ‘நிஸாமே ஆலம்’, என்ற அரசியல் காரணத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது.

இதன் விலையை உயிர்க்கணக்கில் மட்டும் பார்த்தால் போதாது. 1621இல் இரண்டாம் உஸ்மான் போலந்துப் போருக்குக் கிளம்புமுன் தம்பி மெஹ்மதைக் கொல்ல ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்டார். தலைமை மார்க்க அதிகாரியான ஷேக் உல் இஸ்லாம் எசத் எஃபெந்தி மறுத்துவிட்டார். உடனே ருமேலியாவின் (ஐரோப்பியப் பகுதியின்) படைக் காஜியிடம் கேட்டார், அவர் கொடுத்தார். நம் பக்கத்தில் இதே காட்சி. 1658இல் தந்தை ஷாஜஹான் உயிரோடிருக்கும்போது ஔரங்கசீப் பெயரில் குத்பா (வெள்ளித் தொழுகை உரை) ஓத முடியாது என்று தலைமைக் காஜி சொன்னார். அவர் பதவி போனது. குஜராத்திலிருந்து வந்த அப்துல் வஹாப் வேறு விளக்கம் தந்தார், அந்தப் பதவி அவருக்குக் கிடைத்தது. மறுப்பவரைத் தள்ளிவிட்டு இணங்குபவரை உட்காரவைத்த நாளிலிருந்து, அடுத்த முறை அரசரைத் தடுக்க வேண்டிய இடத்தில் தடுக்கும் ஆள் இருக்கமாட்டார். குழந்தையின் உயிர் ஒரு முறை போனது. இந்தக் கேடு தலைமுறை தலைமுறையாக ஓடியது.

வைகைக்கரை

நிஷா அவர்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் முகலாயரை நீங்களே இழுத்தது என் வாதத்துக்குத்தான் உதவும். அவர்களிடம் இப்படி விதி கிடையாது. அதன் விளைவு 1657 செப்டம்பரில் ஷாஜஹான் படுக்கையில் விழுந்ததும் நாடு முழுக்க நாலு படை. உதுமானியர் ஒரே இரவில் அரண்மனைக்குள் முடித்ததை முகலாயர் இரண்டு ஆண்டு, குஜராத் முதல் வங்காளம் வரை ரத்தம் சிந்தி முடித்தார்கள்.

செஞ்சிமலை

அந்தப் போரை வரிசையாக வைக்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்குறுதி செத்தது.

ஷாஜஹானின் மக்கள் நால்வர்: தாரா தலைநகரில், ஷுஜா வங்காளத்தில், ஔரங்கசீப் தக்காணத்தில், முராத் குஜராத்தில். முராத்தோடு ஔரங்கசீப் செய்துகொண்ட ஒப்பந்தப்படி பஞ்சாப், காபூல், காஷ்மீர், சிந்து முராதுக்கு, கொள்ளையில் மூன்றிலொரு பங்கும் அவருக்கே. 1658 ஏப்ரலில் தர்மத், மே இறுதியில் சாமுகர், இரண்டிலும் சேர்ந்து வென்றார்கள். ஆக்ரா கோட்டையைப் பீரங்கியால் பிளக்க முடியவில்லை, யமுனைத் தண்ணீர் வரும் வழியை அடைத்தார் ஔரங்கசீப். கோட்டைக் கிணறுகள் உப்பு. சில நாளில் தந்தை கதவைத் திறந்தார், 1666இல் சாகும்வரை அங்கேயே காவலில் இருந்தார்.

1658இலேயே மதுரா அருகே விருந்துக்கு அழைத்து முராத்தைப் பிடித்தார்கள். 1661இல் குவாலியரில் முராத்தைக் கொன்ற விதம் நிஷா சொன்னதற்கு இன்னொரு சான்று. முராத் முன்பு கோபத்தில் தம் திவான் அலி நக்கியைக் கொன்றிருந்தார். அந்தப் பழைய கொலைக்குப் பழிக்குப் பழி கேட்கும்படி திவானின் மக்களைத் தூண்டினார்கள். மூத்தவர் மறுத்தார், இளையவர் கேட்டார். தண்டனை சட்டப்படி நிறைவேறியது. தாராவுக்கு மத விரோதக் குற்றச்சாட்டு, 1659 ஆகஸ்ட். தாராவின் மகன் சுலைமான் ஷிக்கோவுக்கு குவாலியர் கோட்டையில் தினமும் கசகசாத் தோலை ஊறவைத்த, மெல்லக் கொல்லும் சாறு, 1662இல் முடிந்தார். ஷுஜா அரக்கானுக்கு ஓடி அங்கே செத்தார்.

சரி, வென்றார். வென்றதை வைத்து என்ன ஆனது? அவருடைய மக்கள் எல்லாரும் அவர் பட்டத்துக்கு வந்த வழியைப் பார்த்து வளர்ந்தவர்கள். மூத்தவர் முகமது சுல்தான் போர் நடுவிலேயே ஷுஜா பக்கம் போய், சிறையில் காலம் கழித்தார். இன்னொரு மகன் அக்பர் 1681இல் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துத் தோற்று, மராட்டிய அரசர் சாம்பாஜியிடம் ஓடி, பிறகு பாரசீகம். முஅஸ்ஸம் 1687 முதல் 1695 வரை காவலில். இளையவர் காம்பக்ஷ் கதை நம்மூரில் நடந்தது. செஞ்சி முற்றுகையில் தந்தை இறந்துவிட்டார் என்ற வதந்தி பரவ, அவர் கோட்டைக்குள் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமோடு ரகசியப் பேச்சு நடத்தினார். தளபதி சுல்ஃபிகர் கானும் அவர் தந்தை ஆசாத் கானும் இளவரசரைப் பிடித்துக் காவலில் வைத்துவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். செஞ்சி 1690இல் தொடங்கி 1698இல்தான் விழுந்தது, ராஜாராமும் தப்பிவிட்டார். எட்டு ஆண்டு இழுத்ததற்கு மலை, மழை, மராட்டியரின் வழிமறிப்பு எல்லாம் காரணம்தான். மகனையும் நம்ப முடியாது, தளபதியையும் முழுதாக நம்ப முடியாது என்ற நிலையை நான் அவற்றுக்கு மேலே வைப்பேன்.

1707இல் ஔரங்கசீப் கண் மூடியதும் மறுபடி அதே போர். ஜஜா போர்க்களத்தில் இன்னொரு மகன் ஆஸம் செத்தார், 1709இல் ஹைதராபாத் பக்கம் காம்பக்ஷ். 1712இல் அடுத்த சுற்று. அதில் அரசரை உருவாக்கியவர் யார் தெரியுமா? செஞ்சியை முற்றுகையிட்ட அதே சுல்ஃபிகர் கான். மறு ஆண்டு அவரையும் கொன்றார்கள்.

பட்டயம்

எனக்கு ஒரு சந்தேகம். இதையெல்லாம் ‘பேராசை’ன்னு சொல்றோம். ஆனா ஒதுங்கிப் போறேன்னு சொன்னா விட்டிருப்பாங்களா? ஒதுங்கவே வழி இல்லாத ஆட்டத்துல கொன்னவனை எப்படிக் குறை சொல்றது?

நாகூர்_நிஷா

பட்டயம் தம்பி, இழையில் இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி.

செஞ்சிமலை ஐயா சொன்ன அதே கோர்க்குத், படிப்பாளி. ஆட்சி செய்பவன் பாவத்திலிருந்து தப்ப முடியாது, என்னை விலக விடுங்கள் என்று தந்தைக்கு அரபியில் நூலே எழுதினார். விடவில்லை. 1512இல் தம்பி செலீம் ஜானிசரிகள் துணையோடு தந்தையை இறக்கியபோது கோர்க்குத்தும் இஸ்தான்புல் வந்து படையினரின் ஆதரவைத் தேடினார், கிடைக்கவில்லை. 1513இல் கொல்லப்பட்டார். விலக நினைத்தவருக்கும் அதே கயிறு. ஆகவே 1512இல் செலீம் செய்ததில் தற்காப்பின் சாயல் உண்டு என்பதை ஏற்கிறேன். வென்றிருந்தால் அண்ணன் அஹ்மதும் அவரை விட்டிருக்கமாட்டார்.

ஆனால் எல்லாக் கொலையும் அந்தக் கணக்கில் வராது. நான்காம் முராத்தை எடுங்கள். 1623இல் பட்டம், ஒன்பது ஆண்டுக்குப் பின் முழு அதிகாரமும் கையில். 1635இல் ஏரவான் வெற்றி நேரத்தில் இரண்டு தம்பிகளைக் கொன்றார், 1638இல் பாக்தாத் படையெடுப்பின்போது காசிமை. அவர்கள் கையில் படை இல்லை, மாகாணம் இல்லை, அரண்மனை அறைக்குள் இருந்தவர்கள். 1640இல் முராத் வாரிசு இல்லாமல் இறந்தபோது குலத்தில் மிஞ்சிய ஒரே ஆண் இப்ராஹீம். அடுத்து நானோ என்று பயந்து பயந்தே மனம் கலங்கியவர், அண்ணன் இறந்துவிட்டார் என்பதையே நம்ப மறுத்தார். முதல் வகையில் உயிர் தப்ப வேண்டியிருந்தது. இரண்டாவதில் அதிகாரம் ஏற்கெனவே கையில், சந்தேகம் மட்டும் மீதி. அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போட்டதில் 340 ஆண்டுக் குலம் ஒரே ஓர் உயிரில் தொங்கியது.

கணக்கர்

என் முந்தைய பதிவை வைகைக்கரை தன் பக்கம் சேர்த்துக்கொள்ளுமுன் மீதியையும் எழுதிவிடுகிறேன். ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் வாதமே புரண்டுபோகும்.

1574: மூன்றாம் முராத், ஐந்து தம்பிகள். 1595: மூன்றாம் மெஹ்மத், பத்தொன்பது தம்பிகள். அந்தப் பத்தொன்பது சவப்பெட்டிகளும் தந்தையின் பெட்டியைத் தொடர்ந்து போனபோது நகரமே அழுதது. 1603: முதலாம் அஹ்மத், வயது 13, தம்பி முஸ்தபாவைக் கொல்லவில்லை. இளகிய மனம் மட்டும் காரணமில்லை, அவருக்கு அப்போது பிள்ளை கிடையாது, தம்பியையும் கொன்றால் குலம் நின்றுவிடும். 1617இல் அஹ்மத் இறந்ததும் மகனுக்குப் பதில் அந்த முஸ்தபா சுல்தானானார். அதன் பிறகு ‘குலத்தில் மூத்த ஆண்’ என்ற முறை மெல்ல நிலைத்து 1922 வரை ஓடியது.

இப்போது கேள்வி. சகோதரர்கள் உயிரோடிருந்த அந்த முந்நூறு ஆண்டில் 1402 மாதிரி, இளவரசர்கள் படை திரட்டி மோதிய உள்நாட்டுப் போர் எத்தனை? ஒன்றுகூட இல்லை. கடைசியாக அப்படி மோதியது 1559இல், கொன்யாவில், முதலாம் சுலைமானின் மக்கள் செலீமும் பயேசித்தும். ஏன் நின்றது? மாகாண ஆளுநராக அனுப்பப்பட்ட கடைசி இளவரசர் 1595இல் பட்டமேறிய மெஹ்மத். அதன் பிறகு இளவரசர்களை வெளியே அனுப்பவே இல்லை. ஊர், வரி, லாலா, குதிரைப்படை எதுவும் இல்லாத தம்பியால் போர் தொடுக்க முடியாது. நோய்க்கு மருந்து மாகாணத்தைக் கொடுக்காமல் இருப்பதுதான். அதைச் செய்வதற்குப் பதில் மாகாணத்தையும் கொடுத்து, வளர்த்து, பிறகு கழுத்தையும் நெரித்தார்கள். வைகைக்கரையின் தராசில் இரண்டே தட்டு. மூன்றாவது வழி நிர்வாகத்துக்குள்ளேயே இருந்தது.

வைகைக்கரை

கணக்கரே, மூன்றாவது வழியின் விலையையும் எழுத வேண்டாமா? ‘கஃபேஸ்’ என்ற கூண்டு, அதாவது இளவரசர்களை அடைத்து வைத்த அரண்மனை அறைகள். 1687இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் சுலைமான் ஏறக்குறைய நாற்பது ஆண்டு அதில் அடைந்து கிடந்தவர். படை நடத்தியதில்லை, ஓர் ஊரை ஆண்டதில்லை. ஆளத் தெரியாத அரசரால் குடிகள் படும் துன்பத்தையும் நீதிக் கணக்கில்தானே சேர்க்க வேண்டும்? போட்டி இருந்த காலத்தில் இரண்டாம் மெஹ்மத், கொடூரர் என்றாலும் எகிப்தைப் பிடித்த செலீம் மாதிரி ஆட்கள் வந்தார்கள்.

செஞ்சிமலை

மிகப் புகழ்பெற்ற பெயரை விட்டுவிட்டீர்களே. 1520இல் சுலைமான் போட்டியே இல்லாமல் ஏறியவர், எதிர்த்து நிற்க ஒரு சகோதரர் இல்லை. 46 ஆண்டு ஆட்சி, பெல்கிரேடு முதல் பாக்தாத் வரை. கொல்லும் போட்டிதான் திறமையை வடிகட்டும் என்றால் அவர் எங்கிருந்து வந்தார்? மனிசாவில் ஆளப் பழகினார், அவ்வளவுதான். பயிற்சி வேறு, கொலை வேறு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியது அந்த அரசின் பழக்கம்.

அந்தச் சுலைமானே 1553இல் எரேலி அருகே தம் கூடாரத்துக்குள் மகன் முஸ்தபாவைக் கொல்லவைத்தார். படைக்கு மிகவும் பிடித்த, ஆளத் தகுதியான மகன் என்று பெயரெடுத்தவர் அவர்தான், அந்தப் பெயரே அவருக்கு எமனானது. படை கொதித்ததால் பிரதம வஜீர் ருஸ்தமைக் கொஞ்ச காலம் பதவியிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. முஸ்தபாவின் தாய் மாஹிதெவ்ரான் புர்ஸாவில் வாடகை கட்டக்கூட வழியில்லாமல் இருந்தார் என்று பதிவுகள் சொல்கின்றன. வடிகட்டி தகுதியுள்ளவரைத்தான் முதலில் வெளியே தள்ளியது.

முன்பு குறித்து வைக்கச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். அரியணையைத் தம்பியிடமிருந்து காப்பாற்ற ஜானிசரிக்குப் பணம் கொடுத்துப் பழக்கினார்கள். 1566இல் போட்டியாளரே இல்லாத இரண்டாம் செலீமிடமும் பணத்துக்காகக் கலகம் செய்தார்கள். 1622இல், தம்பியைக் கொன்றுவிட்டுப் போருக்குப் போன அதே இரண்டாம் உஸ்மானை ஜானிசரிகள் இறக்கி, யெதிகுலே கோட்டையில் கொன்றார்கள். பட்டம் விலைக்குக் கிடைக்கும் என்று படைக்குச் சொல்லிக்கொடுத்தது அரச குலம்தான்.

வைகைக்கரை

அப்படியானால் 1808ஐ என்ன செய்வீர்கள்? சுல்தான் நான்காம் முஸ்தபா, முன்பு பதவியிலிருந்து இறக்கப்பட்ட மூன்றாம் செலீமையும் தம்பி மஹ்மூதையும் கொல்ல ஆளனுப்பினார். செலீம் செத்தார், மஹ்மூத் கூரை வழியே தப்பிப் பட்டமேறினார். நவம்பரில் ஜானிசரிகள் எழுந்து முஸ்தபாவை மறுபடி ஏற்றப் பார்த்தபோது மஹ்மூத் அண்ணனைக் கொல்லவைத்தார். குலத்தில் வேறு ஆண் இல்லாததால் ஜானிசரிகளால் மஹ்மூதைத் தொட முடியவில்லை. 1826 ஜூனில் அந்த ஜானிசரிப் படையையே ஒழித்தார். ஓர் உயிர் போனதால் ஒரு நாடு சீர்திருந்த வழி பிறந்தது. இது தகாதா?

நாகூர்_நிஷா

1808 நவம்பரில் அரண்மனை வாசலில் கலகக்காரர்கள் நின்றார்கள், அண்ணன் அவர்களுடைய கொடி. என்னுடைய முதல் வகையில் இது வரும், அதனால் மஹ்மூதை நான்காம் முராத்தோடு சேர்க்கமாட்டேன்.

ஆனால் 1826க்கு அந்தக் கொலைதான் காரணம் என்பதை ஏற்க முடியாது. இடையில் பதினெட்டு ஆண்டு. மஹ்மூத் பீரங்கிப் படையைத் தம் ஆட்களால் நிரப்பினார். ஜானிசரித் தலைமையில் இணங்குபவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார். உலமாக்களின் ஆதரவைப் பொறுமையாகத் திரட்டினார், புதிய படைப்பிரிவுக்கு முன்கூட்டியே ஃபத்வாவும் ஒப்பமும் வாங்கினார். கலகம் வெடித்த ஜூன் 15 அன்று நபிகளாரின் கொடியை வெளியே எடுத்ததும் நகர மக்கள் அவர் பக்கம் திரண்டார்கள், பாசறை மீது பீரங்கி பேசியது. அண்ணன் உயிர் போனது அவருக்கு முதல் சில ஆண்டுகளைத்தான் வாங்கித் தந்தது. மஹ்மூதுக்கு மக்கள் பிறந்து வளர்ந்த பிறகு ‘வேறு ஆள் இல்லை’ என்ற கவசமும் போய்விட்டது. 1826இல் அவருடைய மகன் அப்துல்மெஜீத் மூன்று வயது, ஜானிசரிகள் நினைத்திருந்தால் அந்தக் குழந்தையை ஏற்றியிருக்கலாம். ஏழு வயதுகூட நிரம்பாத நான்காம் மெஹ்மதை 1648இல் ஏற்றியவர்கள்தானே.

கணக்கர்

ஒரு சேர்க்கை. அந்த அப்துல்மெஜீத் 1839இல் பட்டமேறியபோது தம்பி அப்துல்அஜீஸ் உயிரோடிருந்தார். கொல்லவில்லை, ஓரளவு சுதந்திரமாகவே வாழவிட்டார். 1861இல் அவரே அடுத்த சுல்தான். வைகைக்கரை, 1839க்கும் 1861க்கும் இடையில் அந்தத் தம்பி உயிரோடிருந்ததால் நடந்த உள்நாட்டுப் போர் ஒன்றைக் காட்டுங்கள், மேலே பேசலாம்.